ஒரு கழகத்துக்கு ஒருவரே: பிரீமியர் லீக் ட்ராஃப்ட் விளையாட்டு, திருகோணமலையிலிருந்து ஒரு மதிப்பீடு

உண்மை ஆட்டங்களில் வீரர்கள் காட்டும் திறனுக்கேற்பக் கற்பனை அணிகள் புள்ளி பெறும் ஃபேன்டஸி விளையாட்டுகளை இங்கிலாந்தின் உதைபந்தாட்டத் தொடரான பிரீமியர் லீக்கின் நிர்வாகமே இலவசமாக நடத்துகிறது. அவற்றில் ஒன்றை நம்மவர்கள் பலரும் அறிவார்கள். நூறு மில்லியன் பவுண் கற்பனைப் பணத்தைக் கொண்டு அணி அமைக்கும் அந்த விளையாட்டில் கோல் குவிக்கும் முன்கள வீரர் ஹாலண்டை யாரும் வாங்கலாம் என்பதால், பருவகாலத்தின் நடுப்பகுதிக்கு வரும்போது நண்பர்களின் அணிகள் ஏறத்தாழ ஒரே முகத்துடன் நிற்கும். இன்னொன்றான ட்ராஃப்ட், அதாவது முறைவைத்து வீரர்களைத் தெரியும் விளையாட்டு, அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இதில் விலை இல்லை, அணித்தலைவருக்கு இரட்டைப் புள்ளி இல்லை. ஒரு வீரரை நண்பர்கள் சேர்ந்து அமைக்கும் லீக்கில் ஒருவர் எடுத்துவிட்டால் ஏனையோருக்கு அவர் கிடையாது. திருகோணமலையிலும் அருகிலுள்ள கிண்ணியாவிலுமாக எட்டுப் பேர் சேர்ந்து, எங்களுடைய விதியொன்றையும் கூட்டி இதை ஆடி வருகிறோம். அந்த விதியுடன் ஆடும்போது இச்சேவை எப்படித் தாங்குகிறது, வீரர் தெரிவு எப்படி மாறுகிறது என்பதே இந்த மதிப்பீட்டின் பொருள்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொருவரும் இரண்டு கோல்காப்பாளர், ஐந்து பின்கள வீரர், ஐந்து மத்தியகள வீரர், மூன்று முன்கள வீரர் என 15 பேரைத் தெரிய வேண்டும். தெரிவு பாம்பு வரிசையில், அதாவது ஒரு சுற்று முன்னிருந்து பின்னாகவும் அடுத்தது பின்னிருந்து முன்னாகவும், நடக்கும். முதலாமவருக்கு 1, 16, 17 ஆம் தெரிவுகளும் எட்டாமவருக்கு 8, 9 ஆம் தெரிவுகளும் கிடைக்கும். பின்னர் வாராவாரம் ஒருவருக்கொருவர் மோதலாம், அல்லது மொத்தப் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். நாங்கள் மோதலையே விரும்புகிறோம். மக்கெய்சர் விளையாட்டரங்கிலும் ஏகாம்பரம் மைதானத்திலும் உள்ளூர்க் கழகங்களின் மோதல்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, எதிரில் ஓர் ஆள் இல்லாத போட்டி போட்டியாகப் படுவதில்லை.

எங்கள் விதி இதுதான்: ஒரு பிரீமியர் லீக் கழகத்திலிருந்து ஒரே ஒரு வீரரைத்தான் ஒருவர் வைத்திருக்கலாம். ட்ராஃப்ட் விளையாட்டில் இத்தகைய வரம்பு கிடையாது. விரும்பினால் லிவர்பூல் அணியையே அள்ளிக்கொள்ளலாம். ஊரில் இரசிகர் பற்று எவ்வளவு கடுமையானது என்பதை அறிந்தவர்களுக்கு, இவ்வரம்பு ஏன் தேவைப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் இரசிகர் சண்டையைத் தணிப்பதற்காகக் கொண்டுவந்த விதி, தெரிவின் கணக்கையே தலைகீழாக்கிவிட்டது. 20 கழகங்களில் 15 ஐப் பயன்படுத்தி ஐந்தைக் கைவிட வேண்டும் என்றாகிவிட்டதால், ஒவ்வொரு தெரிவிலும் நாம் ஒரு வீரரைப் பெறுவதோடு ஒரு கழகத்தின் கதவையும் நமக்கு நாமே அடைத்துக்கொள்கிறோம்.

இந்தக் கதவு அடைபடுவதைக் கவனிப்பவரே வெல்வார் என்பது என் துணிபு. தெரிவு நாளன்று எங்களில் ஒருவர் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் 20 வரிகளும் எட்டு நிரல்களும் கோடிட்டு, யார் எந்தக் கழகத்தை முடித்தார் என்று பேனாவால் புள்ளடியிட்டுக்கொண்டே போவார். ஆர்சனல் வரியில் ஏழு புள்ளடிகள் விழுந்து என்னுடைய கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தால், எஞ்சியிருக்கும் ஆர்சனல் வீரர்கள் அனைவரும் எனக்கு மட்டுமே உரியவர்கள். அவர்களை வேறு எவராலும் தொட முடியாது. அந்நிலையில் ஆர்சனல் வீரருக்காக ஆறாம் சுற்றைச் செலவிடுவது வீண். பதினைந்தாம் சுற்றில் ஆறுதலாக எடுத்துக்கொண்டு, இடைப்பட்ட சுற்றுகளைப் போட்டி மிகுந்த கழகங்களுக்குச் செலவிடலாம். அதே தாளில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. நொட்டிங்ஹம் ஃபொரஸ்ட்டை இன்னும் முடிக்காத இருவர் ஏற்கெனவே மூன்று முன்கள வீரர்களை நிரப்பிவிட்டார்கள் என்றால், அக்கழகத்தின் முன்கள வீரரைப் பொறுத்தவரை அவர்களும் போட்டியில் இல்லை. 2024/25 பருவகாலத்தில் 20 கோல்கள் அடித்த ஃபொரஸ்ட்டின் கிறிஸ் வூட் போன்ற ஒருவரைக் கடைசிச் சுற்றுகளுக்கு ஒத்திவைக்கும் துணிச்சல் இப்படித்தான் வருகிறது. இந்தச் சூட்சுமம் சாதாரண ட்ராஃப்டில் அறவே கிடையாது. விதியை ஏற்படுத்தியபோது எங்களில் எவரும் இதை எதிர்பார்க்கவும் இல்லை.

கோல்காப்பாளர் விடயத்தில் இவ்விதி இன்னும் கடுமையாக வேலை செய்கிறது. எட்டுப் பேருக்கு 16 காப்பாளர்கள் வேண்டும். வாராவாரம் களமிறங்கும் காப்பாளர்களோ 20 பேர்தான். எனவே கடைசிவரை காத்திருந்தால் இருக்கையிலேயே காலங்கழிக்கும் மாற்றுக் காப்பாளர்தான் மிஞ்சுவார். ஆயினும், பலமான கழகத்தின் காப்பாளரை எடுத்தால் அக்கழகத்தின் கோல் அடிப்பவர்களை இழக்க நேரிடும். ஆகவே பலவீனமான கழகங்களிலிருந்து, அதுவும் சற்று முன்கூட்டியே, காப்பாளர்களை எடுப்பதே பொருத்தமானது. புள்ளி முறையும் இதற்கு ஓரளவு இடங்கொடுக்கிறது: மூன்று தடுப்புகளுக்கு ஒரு புள்ளி, விட்டுக்கொடுக்கும் ஒவ்வோர் இரு கோல்களுக்கும் ஒரு புள்ளி கழிவு. ஆறு முறை தடுத்து இரு கோல்களை விட்டுக்கொடுத்த காப்பாளர், முழுநேரம் ஆடியதற்கான இரண்டையும் சேர்த்து மூன்று புள்ளிகளோடு வீடு திரும்புவார். பெரிய கழகத்தின் காப்பாளர் வந்த ஒரே பந்தையும் விட்டுவிட்டால் அவருக்குக் கிடைப்பது இரண்டுதான். 2023/24 இலும் 2024/25 இலும் தரமுயர்ந்து வந்த மூன்று கழகங்களும் அதே பருவத்தில் கீழிறங்கிப் போயின என்பதை நினைத்துப் பார்த்தால், புதிதாக வரும் கழகங்களை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்பது விளங்கும்.

முதற்சுற்றைப் பற்றி எழுத அதிகமில்லை. ஹாலண்டைப் போன்றவர்கள் யாருக்குக் கிடைக்கிறார்கள் என்பது குலுக்கலின் கையில் இருக்கிறது. ஒரு கோலுக்கு முன்கள வீரருக்கு நான்கு புள்ளிகளும் மத்தியகள வீரருக்கு ஐந்தும் பின்கள வீரருக்கு ஆறும் கிடைக்கின்றன. மத்தியகள வீரராக வகைப்படுத்தப்பட்ட எகிப்தியர் சலா லிவர்பூலுக்காக 2024/25 இல் 29 கோல்கள், 18 கோல் உதவிகளுடன் 344 புள்ளிகளைக் குவித்ததற்கு இந்த வகைப்பாடும் துணைநின்றது. ஆயினும் ஆபிரிக்க நாடுகள் மோதும் ஆபிரிக்கக் கிண்ணம் பருவகாலத்தின் நடுவே நடக்கும்போது கணக்கு மாறும். 2025 டிசம்பர் 21 முதல் 2026 ஜனவரி 18 வரை மொரோக்கோவில் நடந்ததைப் போன்ற தொடர்கள், பிரீமியர் லீக்கில் போட்டிகள் நெருக்கமாக வரும் காலத்தில் சலாவைப் போன்ற ஆபிரிக்க வீரராக அமைந்த நமது முதல் தெரிவைக் கொண்டுபோய்விடுகின்றன. அவ்வேளையில் அவருடைய கழகத்திலிருந்து இன்னொருவரை ஈடாக வைத்திருக்கவும் எங்கள் விதி இடந்தராது.

தெரிவு நாளோடு எல்லாம் முடிவதில்லை. யாரும் எடுக்காத வீரருக்காக வாராவாரம் விண்ணப்பிக்கும் வேய்வர் முறையே இவ்விளையாட்டின் உயிர் என்பேன். 2023 செப்டெம்பர் முதலாம் திகதி, பருவகாலம் தொடங்கிச் சில வாரங்களின் பின்னர், மன்செஸ்டர் சிற்றியிலிருந்து செல்சிக்கு மாறிய மத்தியகள வீரர் கோல் பாமர் அந்தப் பருவத்தில் 22 கோல்கள் அடித்து 244 புள்ளிகளைப் பெற்றார். அத்தகைய ஒருவர் வரும்போது எங்கள் லீக்கில் நிகழ்வது வேடிக்கையானது. ஒவ்வொரு நிலைக்கும் உரிய வீரர் எண்ணிக்கை மாறக்கூடாதென்பதால், செல்சியின் பின்கள வீரரை வைத்திருப்பவர் முதலில் அவரை வேறொரு கழகத்தின் பின்கள வீரராக மாற்றவேண்டும்; அதன் பிறகே மத்தியகள வீரர் ஒருவரைக் கைவிட்டுப் புதியவரைக் கேட்கலாம். ஒரு மாற்றம் இரண்டாகிவிடுவதால், அதற்குள் செல்சிக் கதவைத் திறந்தே வைத்திருந்தவர் முந்திவிடுவார். ஐந்து கழகங்களைக் கைவிடுவதற்குச் சுதந்திரம் இருக்கையில், அவற்றுள் ஒன்றாவது தாராளமாகச் செலவழிக்கும் பெரிய கழகமாக இருக்கட்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான். இதை ஏற்காதவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. பெரிய கழகத்தின் நான்காந்தர வீரர்கூடச் சிறிய கழகத்தின் முதல்வருக்குச் சமம் என்பது அவர்களுடைய கட்சி.

இனிச் சேவையின் குறைகள். கழக வரம்பை அமைப்பில் பதிவுசெய்ய வழியில்லாததால் காவல் வேலை முழுவதும் நம்முடையதாகிறது. தெரிவுக்கான நேரம் கடந்துவிட்டால் கணினி தானாகவே ஒருவரை எடுத்துவிடும். அதற்கு எங்கள் விதி தெரியாது. இணைய இணைப்பு இடையில் அறுந்த ஒருவருக்கு ஒரே கழகத்து இருவர் சேர்ந்துவிட்ட சம்பவத்தின் பின்னர், அத்தகைய தெரிவை முதல் வேய்வரிலேயே கைவிடவேண்டும் என்று ஒரு துணை விதியை எழுதிக்கொண்டோம். எல்லாம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது என்பதும் சிலருக்குத் தடையாகலாம்.

நேர வேறுபாடு பெரிதாக உறுத்துவதில்லை. வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடங்களுக்கு முன்னர் அணி பூட்டப்படும். வேய்வருக்கான கெடு அதற்கும் 24 மணித்தியாலங்கள் முந்தியது. இங்கிலாந்தில் கோடைகால நேரம் நடைமுறையிலிருக்கும்போது சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டரை ஆட்டம் நமக்கு மாலை 5 மணி என்பதால், வேய்வர் கெடு வெள்ளி பிற்பகல் 3.30 க்கு வரும். ஜும்ஆ முடிந்து உணவருந்திய பின்னரும் கிண்ணியா நண்பர்களுக்கு யோசிக்க நேரமிருக்கிறது. ஒக்டோபர் இறுதியில் அங்கே கடிகாரம் மாறியதும் எல்லாம் ஒரு மணித்தியாலம் பிந்திவிடும். வெள்ளி இரவில் ஆட்டம் இருக்கும் வாரங்களில் மட்டும் கெடு வியாழன் நள்ளிரவை ஒட்டி வந்து தூக்கத்தைக் கெடுக்கும்.

இந்த விதியோடு ஆட விரும்புவோர் எட்டுப் பேராகச் சேர்வது உகந்தது. அமைப்பு அதைவிடப் பெரிய லீக்குகளையும் ஏற்கும். ஆனால் பத்துப் பேரானால் களமிறங்கும் 20 காப்பாளர்களும் தீர்ந்துவிடுவார்கள். அதற்கும் மேற்பட்டால், காப்பாளருக்கு மட்டும் விதியைத் தளர்த்தி, இருவரும் ஒரே கழகத்தவராக இருக்கலாம் என்று தெரிவு நாளுக்கு முன்னரே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.