முதல் நாவல் எழுதப் போகிறீர்களா? ‘வழிகாட்டி’ வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

முதல் நாவல் எழுதும் ஆசையோடு குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் ஜோராக நடக்கிறது. ‘90 நாளில் நீங்களும் நாவலாசிரியர்’ என்று முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் வரும். 99 ரூபாய் இணையவழிக் கூட்டத்தில் ஆரம்பிக்கும். பிறகு 24,000 ரூபாய்க்கு ‘வழிகாட்டி’ வகுப்பு, 3,500 ரூபாய்க்கு ‘ஆய்வுத் தொகுப்பு’, கடைசியில் 48,000 ரூபாய்க்குப் ‘பதிப்புப் பேக்கேஜ்’. நான் முதல் மூன்று படி ஏறி, நாலாவதில் நின்றுகொண்டவள். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. தவிர, இதே பேக்கேஜை இதே வாசகங்களோடு வேறு பெயர்களிலும் பார்த்துவிட்டேன். ஆளை விட ஆட்டத்தைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும்.

நான் ராமநாதபுரத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். எழுத்து எனக்குப் பிழைப்பு இல்லை, ஆசை. எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார். பையனாக இருந்தபோது தனுஷ்கோடி ரயில் நிலையத்தில் சுமை தூக்கியவர். எழும்பூரிலிருந்து வரும் போட் மெயில், அதிலிருந்து இறங்கி இலங்கையின் தலைமன்னாருக்குப் போகும் கப்பலுக்கு நடக்கும் கூட்டம், சுங்க அதிகாரிகளின் கெடுபிடி என்று அவர் சொல்லச் சொல்ல, 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய அந்த ஊரை வைத்து ஒரு நாவல் எழுத வேண்டும் என்று தோன்றியது. தலையில் ஊர் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். எங்கே தொடங்குவது, எதை விடுவது என்பதுதான் புரியவில்லை. அந்த இடத்தைத்தான் இந்த விளம்பரங்கள் சரியாகப் பிடிக்கின்றன.

99 ரூபாய்க் கூட்டத்தில் எழுத்தைப் பற்றிப் பேசியது கால்வாசி இருக்கும். மீதி எல்லாம் கனவு, அடையாளம், ‘உங்கள் பேரன் கையில் உங்கள் புத்தகம்’. கடைசியில் திரையில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்தது. பத்து நிமிடத்துக்குள் கட்டினால் 40,000 ரூபாய் வகுப்பு 24,000க்கு. பக்கத்தை மூடித் திறந்தால் கடிகாரம் மறுபடி பத்திலிருந்து ஓடும். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நொடி போதும், நீங்களும் செய்து பாருங்கள்.

விளம்பரத்தில் சொன்னது: புத்தகங்கள் வெளியிட்ட ஒரு நாவலாசிரியர் உங்கள் ஒவ்வொரு அத்தியாயத்தையும் படித்துக் கருத்துச் சொல்வார், வாரம் ஒருமுறை போனில் பேசுவார். பணம் கட்டிய பிறகு நடந்தது: அந்த நாவலாசிரியர் பதிவு செய்த காணொளியில் மட்டும் வந்தார். போனில் வந்தவர்கள் ‘வழிகாட்டிக் குழு’வினர். ஒவ்வொரு வாரமும் வேறு குரல். ‘மேடம், உங்க கதை என்ன ஜானர்னு சொல்லிட்டீங்களா?’ என்று முதலிலிருந்து கேட்பார்கள்.

தயாரிப்புக்கு என்று ஒரு ‘பாத்திரப் படிவம்’ கொடுத்தார்கள். நாயகனுக்குப் பிடித்த நிறம், பிடித்த காபி ஷாப், வார இறுதியில் எங்கே போவான், ராசி. என் நாயகன் 1960களில் மீன் கருவாட்டு மூட்டை தூக்குகிறவன். அவனுக்கு ஏது வார இறுதி? அவன் யாருக்குக் கடன்பட்டிருக்கிறான், யார் வீட்டில் சாப்பிடுகிறான், எதற்குப் பயப்படுகிறான் என்று கேட்டிருந்தால் எனக்கு நாலு அத்தியாயம் கிடைத்திருக்கும். அந்தக் கேள்வி ஒன்றுகூடப் படிவத்தில் இல்லை.

எனக்குக் கண் திறந்தது இரண்டாம் அத்தியாயத்துக்கு வந்த கருத்துரையில்தான். பிடிஎஃப்பில் ஒரு பக்கம், மேலே என் பெயர், கீழே நிறுவன முத்திரை. நடுவில் இப்படி: ‘அருணின் உள்மனப் போராட்டம் அருமை. ஆனால் அலுவலக மின்தூக்கிக் காட்சி சற்று நீளம்.’ என் கதையில் அருண் என்று யாரும் இல்லை. தனுஷ்கோடியில் மின்தூக்கியும் இல்லை. வகுப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் இதைப் போட்டதும் திருச்சியிலிருந்து ஒருவர், ‘அருண் என் ஹீரோங்க’ என்றார். அவருக்கு வந்த கருத்துரையில் கடல் வர்ணனையைக் குறைக்கச் சொல்லியிருந்தார்களாம். அவர் எழுதுவது பெங்களூரு ஐடி கம்பெனிக் கதை. அரை மணி நேரத்தில் அந்தக் குழுவை ‘நிர்வாகிகள் மட்டும் பதிவிடலாம்’ என்று மாற்றிவிட்டார்கள்.

அந்த 3,500 ரூபாய் ஆய்வுத் தொகுப்பு தனிக் கூத்து. ‘உங்கள் நாவலின் காலகட்டத்துக்காகவே பிரத்தியேகமாகத் தயாரித்தது’ என்றார்கள். திறந்து பார்த்தால் ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள் சில, பக்க மூலையில் பொது நூலக முத்திரையோடு. அவ்வளவும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கக் கூடியவை. கூடவே அவர்களே எழுதிய கதைச் சுருக்கம் ஒன்று. அதில் 1972இல் என் நாயகி தனுஷ்கோடி ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறாள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலோடு அந்த நிலையம் போய்விட்டது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள், ஆனால் தனுஷ்கோடிக்கு மறுபடி தண்டவாளம் போடவே இல்லை. கப்பலும் பிறகு ராமேஸ்வரத்திலிருந்துதான் கிளம்பியது. தாத்தாவிடம் சொன்னேன். ‘அந்தப் புள்ள எந்த ரயில்ல வந்துச்சாம் தாயி?’ என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார். இர்வின், கோஷன் என்று தலைமன்னாருக்குப் போன இரண்டு கப்பல்களின் பெயரையும் எனக்குச் சொன்னது அவர்தான். 3,500 ரூபாய்த் தொகுப்பில் கப்பலுக்குப் பெயரே இல்லை.

தயாரிப்புக்கு உண்மையில் உதவும் இடங்கள் பலவற்றில் காசு கேட்க மாட்டார்கள். சென்னை போக முடிந்தால் எழும்பூரில் கன்னிமாரா நூலகம், கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், பழைய இதழ்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கின்றன. அரசாங்கக் கோப்பு வேண்டுமென்றால் எழும்பூரிலேயே ஆவணக் காப்பகம் இருக்கிறது, அதற்கு மட்டும் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். தெற்கே இருப்பவர்களுக்கு 2023இல் திறந்த மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் பக்கம். அதைவிட முக்கியம், உங்கள் தெருத் தாத்தா. அவர் காலத்தோடு போய்விடும் சரக்கு அது, முதலில் அவரிடம் உட்காருங்கள்.

சரி, இப்போது பேக்கேஜுக்கு வருகிறேன். பெரிய பணம் போகும் இடம் இதுதான்.

நாவல் பாதிகூட முடியவில்லை, அதற்குள் ‘இப்போதே பதிவு செய்தால் சலுகை’ என்று 48,000 ரூபாய் கணக்கு அனுப்பினார்கள். ‘ஐஎஸ்பிஎன் மற்றும் காப்புரிமை: 7,500’ என்று ஒரு வரி. ஐஎஸ்பிஎன் என்பது ஒரு நூலை அடையாளம் காட்டும் சர்வதேச எண். அதை இந்தியாவில் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகக் கொடுக்கிறது. தனி எழுத்தாளரும் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். காப்புரிமையோ நீங்கள் எழுதிய கணமே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. பதிந்தே ஆக வேண்டும் என்று நினைத்தாலும் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். ‘கிண்டில் வெளியீடு: 6,000’ என்று இன்னொரு வரி. கிண்டிலில் தமிழ் மின்னூல் போட அமேசான் ஒரு பைசா வாங்குவதில்லை. அதிலும் இவர்கள் ஏற்றுவது அவர்களுடைய கணக்கில். எத்தனை விற்றது என்று அவர்கள் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும்.

‘நூலக ஆணை உறுதி’ என்றும் போட்டிருந்தார்கள், அதாவது அரசு நூலகங்கள் உங்கள் நூலை வாங்கும் என்று. எந்த நூலை வாங்குவது என்று முடிவு செய்வது பொது நூலகத் துறை. இடையில் ஒருவர் அதற்கு உறுதி கொடுக்கிறார் என்றால் அவரிடமிருந்து நகர்ந்துவிடுங்கள். ‘சென்னைப் புத்தகக் காட்சியில் உங்கள் நூல்’ என்ற வரிக்கு, போன ஜனவரியில் உங்கள் அரங்கு எண் என்ன என்று கேட்டேன். இதுவரை பதில் இல்லை.

ராயல்டி 70 சதவீதம் என்பது அவர்களுடைய பெரிய தூண்டில். வழக்கமான பதிப்பகத்தில் விலையில் பத்து சதவீதம் கிடைப்பதே பரவாயில்லை என்ற நிலையில் 70 என்றால் யாருக்கும் ஆசை வரும். ஒப்பந்தத்தில் பார்த்தால் அது ‘நிகர வருவாயில்’ 70. அவர்கள் இணைத்திருந்த கட்டணப் பட்டியலையே வைத்துக் கணக்குப் போட்டேன், நமக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். 250 ரூபாய் புத்தகம். விற்பனைக் கழிவு 40 சதவீதம், 100 ரூபாய் போச்சு. அச்சுச் செலவு 100. ‘சேமிப்பு மற்றும் கையாளும் செலவு’ 35. மிச்சம் 15. அதில் 70 சதவீதம் பத்தரை ரூபாய். பழைய கால பத்து சதவீதம் என்றால் 25 ரூபாய் கையில் வந்திருக்கும். அந்த அச்சுச் செலவையும் முதலில் 48,000க்குள் வாங்கிக்கொண்டவர்கள், விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் மறுபடி கழிக்கிறார்கள்.

ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவு இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. நூலின் எல்லா உரிமைகளும், எல்லா மொழிகளிலும், சினிமா, வெப் சீரிஸ், ஒலிநூல் உட்பட, உலகம் முழுவதற்கும், ‘காப்புரிமைக் காலம் முழுமைக்கும்’ அவர்களுக்கு. காப்புரிமைக் காலம் என்றால் எழுதியவர் ஆயுள், அதற்குப் பிறகு 60 ஆண்டு. எந்தப் பேரன் கையில் புத்தகத்தைக் கொடுக்கச் சொன்னார்களோ, அவன் கிழவனானாலும் இந்தக் கதையை வைத்து ஒரு குறும்படம் எடுக்க அவர்களிடம் கேட்க வேண்டும். பணம் கொடுப்பதும் நான், உரிமையைக் கொடுப்பதும் நான்!

வக்கீலாக இருக்கும் சித்தப்பா மகனிடம் காட்டினேன். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படிக்கச் சொன்னான். உரிமையை ஒருவருக்கு எழுதிக்கொடுக்கும்போது எந்த நூல், என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு பணம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு, நிலப்பரப்பு குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். ‘அதனாலதான்க்கா இவங்க ரெண்டையும் மறக்காம எழுதியிருக்காங்க’ என்றான். கையெழுத்துப் போடவில்லை. போட நினைப்பவர்கள் அச்சு நூல் உரிமை மட்டும், மூன்று அல்லது ஐந்து ஆண்டு, அதன்பின் தானாகத் திரும்பும் என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். முறையாகத் தொழில் செய்கிறவர் உட்கார்ந்து பேசுவார். என்னிடம் இவர்கள் சொன்னது, ‘இது ஸ்டாண்டர்ட் ஃபார்மட் மேடம், யாருக்கும் மாத்துறதில்ல.’

இதன் தம்பி தங்கைகளும் சுற்றுகின்றன. ஆளுக்கு 500 ரூபாய் வாங்கி ஐம்பது பேர் கவிதையைத் தொகுத்து, ஆளுக்கொரு சான்றிதழ் கொடுப்பது. ‘சிறந்த அறிமுக எழுத்தாளர்’ விருதுக்குப் ‘பதிவுக் கட்டணம்’ கேட்பது. காசு கொடுத்து வாங்கும் விருதை யார் வீட்டு அலமாரியில் வைப்பது, எனக்குத் தெரியவில்லை.

வகுப்புகள் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. மதுரையில் ஒரு எழுத்தாளர் நடத்திய சிறிய பட்டறைக்குப் போயிருக்கிறேன், பத்து பேர், என் இரண்டு பக்கத்தை முன்னால் வைத்துப் பென்சிலால் அடித்துக் காட்டினார், கொடுத்த காசு தகும். கட்டுவதற்கு முன் உங்கள் மூன்று பக்கத்தைக் கொடுத்து, யார் படிப்பாரோ அவரிடமிருந்தே கருத்து எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் விட்டுவிடலாம்.

பணம் கட்டிவிட்டு மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு: விளம்பரம், வாட்ஸ்ஆப் பேச்சு, கருத்துரை எல்லாவற்றையும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எங்கள் குழுவில் பழைய செய்திகளை அழித்தார்கள், நான் அதற்குள் எடுத்துவிட்டேன். பிறகு மின்னஞ்சலில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், போனில் பேசியது எதற்கும் ஆகாது. ‘கட்டணம் திருப்பித் தரப்படாது என்று விதிமுறையில் உள்ளது’ என்று பதில் வரும். சொன்ன சேவையையே தராதவருக்கு அந்த ஒரு வரி கவசம் ஆகிவிடாது. அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். எனக்கு அதிலேயே ஆய்வுத் தொகுப்புக்கான 3,500 திரும்பி வந்தது. வகுப்புக் கட்டணத்துக்குப் பதிலாக ‘அடுத்த பேட்சில் இலவச இடம்’ என்றார்கள். அருணோடு மறுபடி ஒரு சுற்றா என்று மறுத்துவிட்டேன்.

மிச்சத்துக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ருதி தளத்தில் இணையவழியாகவே பதியலாம். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் பதிந்துவிட வேண்டும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். திருச்சி அருண்காரரும் அவர் ஊரில் தனியாகப் பதிந்திருக்கிறார், இரண்டு கருத்துரைகளையும் இருவரும் சாட்சியாக இணைத்திருக்கிறோம். என் வழக்கில் அவர்களுக்கு நோட்டீஸ் போய்விட்டது. பதில் மனு தாக்கல் செய்ய அவகாசம் கேட்டிருக்கிறார்கள்.