மின்சாரம் திரும்பியதும் எது தானாக எழும்? ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, டெபியன்

மட்டக்களப்பு கல்லடியில் உள்ள ஒரு கணக்கியல் அலுவலகத்துக்குக் கோப்புச் சேர்வர் அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, யுனிக்ஸ் குடும்ப இயங்குதளங்களில் ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, டெபியன் லினக்ஸ் என மூன்று தெரிவுகளை எடைபோட்டேன். கடைசியில் ஃப்ரீபிஎஸ்டியை நிறுவினேன். இன்று கேட்டாலும் அதையேதான் நிறுவுவேன்.

மூன்றும் இலவசம். மூன்றிலும் விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிரும் சம்பா ஓடும், மூன்றையும் தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் வழியாக வீட்டிலிருந்தே கவனிக்கலாம். சிறிய அலுவலகத்தின் வேலைக்கு வேகத்திலும் பெரிய வேறுபாடு தெரியாது. என் முடிவைத் தீர்மானித்தது மின்வெட்டு.

கார்த்திகை மழை தொடங்கிவிட்டால் மட்டக்களப்பில் மின்சாரத்தை நம்பி எதையும் திட்டமிட முடியாது. 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர வெட்டையும் பார்த்தோம். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அது ஞாயிறு, அலுவலகங்களில் ஆளில்லாத நாள். இவ்வளவு நீண்ட வெட்டுகளை யூபிஎஸ் பற்றரி தாங்காது. ஆகவே, சரியாக நிறுத்தப்படாமல் அணைந்த இயந்திரம், விசைப்பலகை முன் யாரும் இல்லாமலே எழுந்து வேலையைத் தொடங்க வேண்டும்.

இங்கேதான் ஓபன்பிஎஸ்டி பின்தங்குகிறது. தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அதன் கோப்பு முறைமையில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) வசதி இல்லை. திடீரென அணைந்தால் அடுத்த தொடக்கத்தில் வன்தட்டு முழுவதையும் சோதிக்கும். பெரிய தட்டென்றால் அதற்கு நெடுநேரம் பிடிக்கும். தானாகத் திருத்த முடியாத பிழையைக் கண்டால் நின்றுவிட்டு, ஒருவர் வந்து கட்டளையிடும்வரை காத்திருக்கும்.

டெபியனின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை இதைவிட நன்று. ஜர்னல் இருப்பதால் விரைவாக எழுந்துவிடும். ஆனால் கோப்பின் உள்ளடக்கம் காலப்போக்கில் கெட்டிருந்தால் அது கண்டுபிடிக்காது. கணக்குக் கோப்பில் ஓர் இலக்கம் மாறினாலும் என்ன ஆகும் என்பது கணக்காளருக்குத் தெரியும்.

ஃப்ரீபிஎஸ்டியில் 2008இல் வந்த 7.0 பதிப்பு முதல் இசட்எஃப்எஸ் (ZFS) என்ற கோப்பு முறைமை இருக்கிறது. பழைய தரவின் மேல் அது எழுதுவதில்லை. புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகே, தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டியை மாற்றுகிறது. எழுதும் நடுவில் மின்சாரம் போனால் கடைசிச் சில விநாடிகளின் வேலை தொலையலாம், ஆனால் தட்டில் உள்ள அமைப்பு குலையாது. தரவின் ஒவ்வொரு தொகுதிக்கும் (block), பழுதைக் கண்டறிய உதவும் சரிபார்ப்புத் தொகை உண்டு. இரண்டு தட்டுகளை இணைபிரதியாக வைத்தால் கெட்டதை நல்லதிலிருந்து தானே திருத்திக்கொள்ளும். ஒரே தட்டு என்றால் பழுதைச் சொல்லும், திருத்தாது; எனவே இரண்டாவது தட்டுக்கான செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கல்முனைக் கிளைக்குக் காப்புப்பிரதி அனுப்புவதும் இதனால் எளிதாகிறது. முந்தைய நிலைப்பதிவுக்குப் (ஒரு கணத்தில் தரவு இருந்த நிலையின் பதிவு) பின் மாறிய தொகுதிகள் மட்டுமே இணைய வழியாகப் போகும். இணைப்பு நடுவில் அறுந்தால், அதற்கேற்ப அமைத்திருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தரவுக் கட்டணத்தை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய விடயம்.

இசட்எஃப்எஸ் டெபியனிலும் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் உரிமச் சிக்கலால் அது இயங்குதளத்தின் மையமான கருனியோடு (kernel) சேர்ந்து வருவதில்லை. கருனி புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அந்தக் கூறையும் மீண்டும் தொகுக்க வேண்டும். தொகுப்பு தவறினால் அடுத்த தொடக்கத்தில் தரவைத் திறக்க முடியாது. ஃப்ரீபிஎஸ்டியில் அது அடிப்படை முறைமையின் பகுதி. மேம்படுத்தும் முன் முழு முறைமையின் அப்போதைய நிலையையும் தொடக்கச் சூழலாகச் (boot environment) சேமித்துவைக்கலாம், பிசகினால் பழையதைத் தேர்ந்து எழுப்பலாம்.

ரூட்டர் வேலைக்கு மட்டும் நான் ஓபன்பிஎஸ்டியைத்தான் வைத்திருக்கிறேன். அதன் பிஎஃப் என்ற தீயரணின் (firewall) விதிகள் படிக்கத் தெளிவானவை, அதற்குச் சிறிய தட்டே போதும் என்பதால் சோதனையும் சீக்கிரம் முடியும். ஆறு மாதத்துக்கொரு பதிப்பு வரும், கடைசி இரண்டுக்கே ஆதரவு உண்டு. தவறாமல் மேம்படுத்துபவருக்கே அது பொருந்தும். இதே குடும்பத்தின் இன்னோர் இயங்குதளமான நெட்பிஎஸ்டியைப் பழைய மடிக்கணினியில் சிறிது காலம் ஓட்டிப் பார்த்ததோடு சரி; அதைச் சேர்வராக எடைபோட என் அனுபவம் போதாது.

டெபியனுக்கு ஒரு வலுவான வாதம் இருக்கிறது: அதை அறிந்த இளைஞர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கிடைப்பார்கள், ஃப்ரீபிஎஸ்டி அறிந்தவரைத் தேடத்தான் வேண்டும். சேர்வரை நிலையாகக் கவனிக்க ஆளில்லாத அலுவலகம் என்றால், எக்ஸ்ட்4 உடன் டெபியனை நிறுவி, நாள்தோறும் வேறிடத்துக்குக் காப்புப்பிரதி எடுக்கச் சொல்வேன்.