தாராவிப் பட்டறையில் என் பாய்மரப் படகுக்குக் கிடைத்த ட்ரெய்லர்

என்னிடம் இருப்பது ஃபைபர் உடல் கொண்ட ஒரு பழைய என்டர்பிரைஸ் படகு. 1956-இல் ஜாக் ஹோல்ட் வடிவமைத்த, நீலப் பாய் கட்டும் இருவர் படகு இது, நீளம் 4.04 மீட்டர், உடலின் எடை ஏறத்தாழ 94 கிலோ. செம்பூரில் எங்கள் சொசைட்டியின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு காருக்குரிய இடத்திலேயே அடங்கிவிடுகிறது. மழைக்காலம் நான்கு மாதமும், வண்டியின் பின்னால் மாட்டி இழுக்கும் ட்ரெய்லர் மீதே நிற்கும்; மழை விட்டபின் கண்டாலா மலைப்பாதை ஏறிப் பவனா ஏரிக்குப் போகும். ஆக, ஆண்டின் பெரும்பகுதியில் இந்தப் படகு தண்ணீரின் மீது இருப்பதைவிட இரும்பின் மீது இருப்பதே அதிகம். அந்த இரும்புச் சட்டத்தைச் சீரமைத்துத் தந்த தாராவிப் பட்டறையைப் பற்றி, படகு வைத்திருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

படகோடு சேர்த்து வாங்கிய பழைய ட்ரெய்லரை வேறொரு பட்டறையில் செய்திருந்தார்கள். பார்வைக்கு உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் படகின் முழு எடையையும் இரு பக்கத்து மெத்தைக் கட்டைகளே தாங்கின. நடுவில் வரிசையாக இருந்த ரோலர்களுக்கும் படகின் அடிக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. இரு பக்கத்து அடிப்பலகைகளிலும் மிகவும் பலவீனமான, உள்ளே எந்தத் தாங்கலும் இல்லாத பகுதியில் அந்தக் கட்டைகள் அழுத்தியதால், ஒரே மழைக்காலத்தில் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குக் குழி விழுந்து, சிலந்தி வலை போல மேற்பூச்சில் கீறல் ஓடிவிட்டது. பின்பக்கத்தில் இரண்டடி நீளம் எந்த ஆதரவும் இல்லாமல் வெளியே தொங்கியது. பாய்மரப் படகின் பின் அடிப்பாகம் நேர்க்கோடு போல இருந்தால்தான் காற்று பலக்கும்போது அது தண்ணீரின் மேலெழுந்து வழுக்கி ஓடும். அங்கே உடல் தொய்ந்து வளைந்துவிட்டால், அந்த வேகத்தை எவ்வளவு திறமையாகப் பாயைப் பிடித்தாலும் திரும்பப் பெற முடியாது.

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், பெயர்ப்பலகைகூட இல்லாத அந்தப் பட்டறையை நடத்துபவர் மணப்பாடு பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. நான் ட்ரெய்லரின் அளவுகளைக் காகிதத்தில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வண்டிய விடுங்க தம்பி, மொதல்ல படகக் காட்டுங்க" என்றார். அதற்கு முன் நான் விசாரித்த மூன்று இடங்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. வள்ளம் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால், "எடை பூரா ஏராவுலதான் உக்காரணும், பக்கத்துக் கட்ட சாயாம புடிச்சுக்கிட்டா போதும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஏரா என்பது படகின் நடு அடிமரம். ஃபைபர் படகிலும் உடலின் வலுவெல்லாம் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பூருக்கு வந்து, படகின் கீழே சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு, அணியம் எனப்படும் முன்முனையிலிருந்து பின்பலகை வரை விரல் மொட்டியால் தட்டிக்கொண்டே போனார். வெற்றுப் பலகையில் தட்டினால் டப்பா போல ஒலித்தது. உள்ளே குறுக்குத் தடுப்போ இருக்கையின் காலோ இருந்த இடத்தில் ஒலி சட்டென்று அடங்கியது. அடங்கிய இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார். பக்கத்துக் கட்டைகள் இன்று அந்தக் கோடுகளுக்கு நேர் கீழேதான், பலகைகள் கோணமாகச் சந்திக்கும் விளிம்பை ஒட்டி நிற்கின்றன.

ஏராவின் கீழே நான்கு ரோலர்கள். என்டர்பிரைஸின் அடிப்பாகம் முன்பின்னாகச் சற்றே வளைந்தது என்பதால் எல்லா ரோலரும் ஒரே உயரத்தில் இருக்க முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக உயர்த்தித் தாழ்த்தும்படி துளையிட்ட தாங்கிகளில் பொருத்தினார். படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் நடுப்பலகை இறங்கும் பிளவின் மீது ரோலர் உருண்டால் அதன் ரப்பர் பட்டை கிழியும். ஆகவே பிளவுக்கு முன்னே இரண்டு, பின்னே ஒன்று, கடைசி ரோலர் மிகச் சரியாகப் பின்பலகையின் கீழே. படகை ஏற்றியபின் ஒரு செய்தித்தாள் துண்டை ஒவ்வொரு ரோலருக்கும் ஏராவுக்கும் இடையே நுழைத்து இழுத்துப் பார்த்தார். மூன்றில் தாள் கிழிந்தது. இரண்டாவதில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்தத் தாங்கியை ஒரு துளை உயர்த்தி மீண்டும் சோதித்தபின்தான் போல்ட்டை முடுக்கினார். ரோலர் ஒரு கோட்டில்தான் தொடும் என்பதால், மாதக்கணக்கில் நிற்கும்போது இடையிடையே செருகுவதற்கு ரப்பர் ஒட்டிய மூன்று மரக்கட்டைகளையும் நான் கேட்காமலேயே செய்து தந்தார்.

சக்கரத்திலும் அச்சிலும் செய்த வேலை கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் பயணத்தில் தெரிகிறது. முன்பு இருந்தவை ஆட்டோ ரிக்‌ஷாவின் 8 அங்குலச் சக்கரங்கள். அவற்றைக் கழற்றிவிட்டு, பழைய மாருதி 800-இன் 12 அங்குலச் சக்கரங்களைப் பொருத்தினார். பெரிய சக்கரம் அதே தூரத்துக்குக் குறைவான தடவையே சுழலும். பேரிங் சூடாவது குறையும். சூடான பேரிங்கை அப்படியே தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், ஏரிக்குப் போனதும் தொட்டுப் பார்த்து, ஆறிய பிறகே இறக்க வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். ஸ்பிரிங்கில் இரண்டு பட்டைகளை உருவிவிட்டார். பாரவண்டிக்குரிய ஸ்பிரிங் இவ்வளவு இலேசான சுமைக்கு அசைந்தே கொடுக்காது, சாலைப் பள்ளத்தின் அடி முழுவதும் படகுக்கே போகும்.

பழைய ட்ரெய்லர் சற்று வேகமெடுத்தாலே பாம்பு போல நெளியும். ட்ரெய்லரை வண்டியோடு மாட்டும் கொக்கி முனையை வீட்டு எடைமானியின் மீது வைத்துப் பார்த்தோம்: படகு, பாய்மரம், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 250 கிலோ இருக்க, முனையில் 6 கிலோதான் காட்டியது. இத்தகைய சிறு ட்ரெய்லருக்கு மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை முனையில் இறங்க வேண்டும். படகை முன்னே தள்ளியிருந்தால் பின்பலகை ரோலரை விட்டு விலகியிருக்கும். அதனால் வெல்டிங் செய்திருந்த அச்சை அறுத்தெடுத்து, யூ போல்ட்டில் மாட்டி, ஏழு அங்குலம் பின்னுக்கு நகர்த்தினார். இப்போது 17 கிலோ காட்டுகிறது. கண்டாலா இறக்கத்திலும் நெளியவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பத்து நாளில் முடிப்பதாகச் சொன்ன வேலைக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. கால்வனைஸ் பூச்சுக்குச் சட்டத்தை வெளியே அனுப்பினார்; திரும்பி வந்தபின் போட்ட இரண்டு துளைகளின் ஓரம் பூச்சில்லாமலேயே விடப்பட்டு, ஒரே மாதத்தில் துருப்பிடித்தது. பின்விளக்குகளின் வயரிங் மிகச் சாதாரணம்; தண்ணீருக்குள் போகும் வண்டிக்கு அந்த இணைப்புகள் தாங்கா. நான் விளக்குகளைத் தனிப் பலகையில் மாட்டி, படகை இறக்கும் முன் கழற்றி வைத்துவிடுகிறேன். படகைக் கட்டும் பட்டையை அவருடைய பையன் இழுத்து முடுக்கிய முறையும் எனக்கு உடன்பாடில்லை. பட்டையை முடுக்கும் ராட்செட்டை வலுவாக இழுத்தால் படகின் மேல் விளிம்பே நசுங்கும், ஆகவே பக்கத்துக் கட்டைகளுக்கு நேர் மேலே மட்டும், அடியில் மெத்தை கொடுத்து, ஆடாத அளவுக்குக் கட்டினால் போதும். அணியத்தை, படகை ட்ரெய்லர் மேல் இழுக்கும் வின்ச் கயிற்றை மட்டும் நம்பி விடாமல் தனிக் கயிற்றாலும் கட்ட வேண்டும்.

மொத்தம் 34,000 ரூபாய் ஆயிற்று. என் அனுபவத்தில் இது நியாயமான தொகை. குழி விழுந்த இரண்டு இடங்களைச் சரிசெய்யவே அதில் பாதியைத் தனியாகச் செலவழித்தேன்.

இந்த மழைக்காலத்தில் அணியத்தை அரையடி உயர்த்தி, பின்பலகையின் அடைப்பான்களைத் திறந்தே வைத்திருந்தேன். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த ஊர் இது. படகுக்குள் இரண்டு சதுர மீட்டர் பரப்பில் பத்து சென்டிமீட்டர் நீர் தேங்கினாலே 200 கிலோ, படகின் சொந்த எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எந்த ட்ரெய்லரும் அதற்காகச் செய்யப்படுவதில்லை. செப்டம்பரில் தார்ப்பாயை விலக்கி, பழுது பார்த்த இடங்களின் மீது இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தேன். இரு பக்கமும் ஒளி புகாமல் படிந்து நின்றது.

அண்ணாச்சியிடம் போக விரும்புபவர்கள் படகின் உட்புறத் தடுப்புகள் எங்கே இருக்கின்றன என்று முன்னதாகவே அளந்து வைத்துக்கொண்டு, பகல் பதினொரு மணிக்குள் போவது நல்லது. பிற்பகலில் வெல்டிங் வேலையில் இறங்கிவிட்டால் பேச நேரம் கிடைக்காது.