திருச்சியில் எங்கள் வீட்டு விசா வேலையெல்லாம் பார்த்துக் கொடுத்த அலுவலகம்

திருச்சி கன்டோன்மென்ட்டில், மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில், ஒரு மாடியில் இருக்கிறது இந்த விசா அலுவலகம். இரண்டு மேஜை, ஒரு ஜெராக்ஸ் மெஷின், அவ்வளவுதான். நடத்துகிறவர் ஒரு பெண்மணி. உட்கார்ந்ததும், "விசா கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. ஃபைல சரியா போட்டுத் தருவேன். மறுத்துட்டா கட்டின பணம் திரும்ப வராது" என்று சொல்லிவிடுவார். 'விசா நிச்சயம்' என்று பலகை போட்டிருக்கும் கடைகளைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். அதனாலேயே அவர் பேச்சில் எனக்கு நம்பிக்கை வந்தது.

எங்கள் வீட்டில் மகன் ஜெர்மனியில், மகள் அமெரிக்காவில், தம்பி குடும்பம் சிங்கப்பூரில். ஒவ்வொரு ஊருக்கும் ஃபைல் வேறு மாதிரி. இதைப் புரிந்துகொண்டு வேலை பார்ப்பவர்கள் குறைவு. ஒரே கட்டுக் காகிதத்தை எல்லா நாட்டுக்கும் அனுப்புகிறவர்களே அதிகம்.

ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குத்தான் அதிக வேலை. என் கணவரின் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நிறுத்தி வட்டம் போட்டார். "இந்த மூணு லட்சம் எங்கேருந்து வந்துச்சுக்கா?" சீட்டு எடுத்த பணம். பென்ஷன் மட்டும் வந்துகொண்டிருக்கும் கணக்கில் விண்ணப்பிப்பதற்கு முந்தைய மாதம் இப்படி ஒரு தொகை விழுந்தால், கடன் வாங்கிக் காட்டுகிறோம் என்று நினைப்பார்களாம். சீட்டுக் கம்பெனி பாஸ்புக்கின் நகலையும், பணம் கொடுத்த ரசீதையும் வைத்து, கவரிங் லெட்டரில் இரண்டு வரி எழுதச் சொன்னார். கணவர் பெல் (பி.எச்.இ.எல்.) கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் பென்ஷன் ஆர்டரை முன்னால் வைத்தார், வீட்டுப் பத்திரத்தைக் கடைசியில். திரும்பி வர இங்கே என்ன இருக்கிறது என்பதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்றார்.

மகன் ஒரு யோசனை சொன்னான்: பிரான்சுக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது, நடுவில் எப்படியும் பாரிஸ் போகிறோம், அந்த வழியாகவே போட்டுவிடலாமே என்று. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. எங்களுக்கு ஜெர்மனிதான். மகன் அவன் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய, எங்கள் செலவுக்கு அவன் பொறுப்பு என்கிற பொறுப்பேற்புப் பத்திரத்தின் ஒரிஜினலையும் தபாலில் வரவழைக்கச் சொன்னார். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 2024 ஜூனுக்கு முன் 80 ஆக இருந்தது. விண்ணப்ப மையத்தின் சர்வீஸ் சார்ஜ் தனி. இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், ஆனால் அதை இவரிடமே எடுக்க வேண்டும் என்றில்லை. அதையும் அவரே சொன்னார். நாங்கள் வெளியில் எடுத்தோம், முகம் சுளிக்கவில்லை.

கைரேகை கொடுக்கச் சென்னைக்குத்தான் போக வேண்டும். திருச்சிக்காரர்களுக்கு அது பெரிய சிரமம். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் விடியற்காலை இறங்கி, அறை எடுத்துக் குளித்துவிட்டு ஓட வேண்டும். ஒரு முறை கொடுத்த கைரேகை 59 மாதம் செல்லும் என்பதால் அடுத்த விசாவுக்கு அநேகமாகத் திரும்பக் கேட்க மாட்டார்கள் என்பது ஒரு ஆறுதல்.

அமெரிக்கா முற்றிலும் வேறு. ஃபைலை விட டிஎஸ்-160 என்கிற ஆன்லைன் விசா படிவமும், நேர்காணல் ஜன்னலில் நின்று பேசும் சில நிமிடங்களும்தான் முக்கியம். குடியேற வருகிறவர் என்று எடுத்துக்கொண்டுதான் அந்த நாட்டுச் சட்டம் ஒவ்வொருவரையும் பார்க்கிறது. இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. மகளுக்குப் பிரசவம் நெருங்கிய நேரம் அது. பக்கத்து வீட்டில் யாரோ, "சுற்றுலான்னு மட்டும் சொல்லுங்க" என்று என் கணவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண்மணி கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பொண்ணுக்கு உதவியாப் போறீங்க. அதுதானே நெசம்? அதையே சொல்லுங்க சார், ஃபார்ம்லயும் அதையே போடுறேன்." சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கத்துத் துணைத் தூதரகத்தில் தமிழிலேயே பேசலாம் என்றும் சொல்லித் தைரியம் கொடுத்தார். ஜன்னலில் நாங்கள் கொண்டுபோன கட்டில் ஒரு தாளைக்கூடக் கேட்கவில்லை. பத்து வருட விசா கிடைத்தது. அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: பத்து வருடம் என்பது போய் இறங்குவதற்கான அனுமதி; ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே விமான நிலையத்து அதிகாரிதான் தீர்மானிப்பார். இதைத் தெரியாமல் தங்கிவிட்டால் அடுத்த தடவை கதவு மூடிவிடும்.

சிங்கப்பூர் சுலபம். கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி, போட்டோ மட்டும் பளபளப்பில்லாத தாளில் இருக்க வேண்டும். அங்கே இறங்குவதற்கு முன் நிரப்பும் வருகை அட்டை இலவசம், பணம் கேட்கும் இணையதளத்தில் போடாதீர்கள் என்று எச்சரித்தார். மலேசியாவில் 30 நாள் வரை தங்க இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் விசாவே வேண்டாம். பத்துமலை முருகனைப் பார்க்கக் கிளம்பிய என் ஓரகத்தியிடம் அதைச் சொல்லி, ஒரு ரூபாய் வாங்காமல் அனுப்பினார்.

நான் இவரை இவ்வளவு தூரம் எழுதக் காரணம் எங்கள் உறவுக்காரப் பையன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். துபாயில் வேலை, முதலில் விசிட் விசாவில் வா, போனதும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு ஆள் ஒன்றரை லட்சம் கேட்டிருந்தான். விசிட் விசா போட்டுக் கொடுத்தால் இவருக்கும் வருமானம்தான். போட மாட்டேன் என்றார். பத்தாவது தேறாதவர்கள், வளைகுடா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான அரசின் இ-மைக்ரேட் தளத்தைத் திறந்து, அந்த ஆளின் பெயர் பதிவு பட்டியலில் இல்லை என்பதைப் பையனின் அம்மாவுக்கே காட்டினார். முறையாகப் போனால் கிடைக்கும் 10 லட்சம் ரூபாய் காப்பீட்டையும் விளக்கினார். இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய். அந்த அம்மா அங்கேயே அழுதுவிட்டார். நகையை அடகு வைக்க அன்று சாயங்காலம் போவதாக இருந்தார்களாம்.

குறைகளும் உண்டு. மதியத்துக்கு மேல் போனை எடுக்க மாட்டார்கள். ஜெராக்ஸுக்கு வெளியில் ஆகிற காசைப்போல இரண்டு மடங்கு. ஏப்ரல், மே மாதங்களில் மாடிப்படி வரை ஆள் நிற்கும், வயதானவர்கள் உட்கார நாற்காலி போதாது, லிஃப்டும் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் பிள்ளைகளை அனுப்புவது நல்லது. ஷெங்கனுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், கோடைக்குப் போகிறவர்கள் பொங்கல் கழிந்த கையோடு, காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். ஸ்டேட்மென்ட்டில் பெரிய தொகை ஏதாவது வந்திருந்தால் அதற்கான ரசீதையும் கையோடு கொண்டுபோங்கள்.