பிக்கப்பின் முன்பக்கத்தை இறக்க: ஸ்பிண்டிலா, ஸ்பிரிங்கா, ஏர் பேகா?

பிக்கப் டிரக்கின் முன்பக்கத்தை இரண்டு அங்குலம் இறக்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது ஸ்பிரிங்கைத்தான். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் ஸ்டியரிங் கெடக்கூடாது என்றால் டிராப் ஸ்பிண்டிலில்தான் (சக்கரம் மாட்டும் தண்டு வழக்கத்தைவிட உயரத்தில் இருக்கும் பாகம்) தொடங்க வேண்டும் என்பேன்.

குட்டை ஸ்பிரிங் போட்டதும் கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கை), டை ராட் (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) இரண்டின் சாய்வும் மாறிவிடும். இவை ஒத்த வளைவில் ஏறி இறங்கினால் பிரச்சினையில்லை. வளைவுகள் விலகினால், மேடு பள்ளத்தில் ஸ்டியரிங்கை அசைக்காமலேயே சக்கரம் தானாகத் திரும்பும். பம்ப் ஸ்டியர் என்பது இதுதான். கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு) மைனஸ் பக்கம் போய், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து, டயரின் உள்விளிம்பைத் தின்னும். அலைன்மென்ட் பார்த்தால் சரியாகிவிடும் என்பார்கள். வண்டி நிற்கும்போது இருக்கும் கோணம்தான் சரியாகும், ஓடும்போது மாறுவது மாறிக்கொண்டேதான் இருக்கும். சக்கரம் மேலே ஏறும் எல்லையில் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்புக்கு உள்ள இடைவெளியும் குறைவதால் ஒவ்வொரு குழியிலும் 'டம்' என்று இடிக்கும்.

டிராப் ஸ்பிண்டிலில் சக்கரம் மாட்டும் தண்டு மட்டும்தான் மேலே ஏறுகிறது. பால் ஜாயிண்ட் (ஆர்மையும் ஸ்பிண்டிலையும் இணைக்கும் உருண்டை மூட்டு), ஸ்டியரிங் ஆர்ம் எல்லாம் பழைய இடத்திலேயே இருப்பதால் ஆர்ம்களின் கோணம் மாறாது, ஸ்பிரிங் ஏறி இறங்கும் தூரமும் குறையாது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சக்கரத்தின் மையம் இரண்டு அங்குலம் ஏறினால், ரிம்மைப் பொறுத்தவரை டை ராட் முனை அதே அளவு கீழே வந்துவிட்டது என்று அர்த்தம். 15 அங்குல ரிம்மாக இருந்தால் அதன் உள்விளிம்பு டை ராட் முனையை உரசக்கூடும். சில ஸ்பிண்டில்கள் சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளவும் செய்யும். அப்போது திருப்பத்தில் ஃபெண்டர் (மட்கார்ட்) ஓரம் டயரைக் கீறும்.

ஸ்பிரிங்கை வெட்டுவதை நான் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்வதில்லை. கேஸ் கட்டரில் சூடேற்றினால் கம்பியின் பதம் போய்விடும், வெட்டிய முனையும் ஸ்பிரிங்கைத் தாங்கும் இடத்தில் சரியாக உட்காராது.

ஏர் பேகில், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலாகப் போடும் காற்றுப் பையில், நினைத்த உயரம் கிடைக்கும். ஆனால் உயரம் மாறும்போதெல்லாம் கேம்பரும் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும். அதனால் ஓட்டும் உயரம் எது என்று முடிவு செய்து, அதில் வைத்துத்தான் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். காற்றை இறக்கிய நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பல வண்டிகளில் டயர் ஃபெண்டருக்குள் சிக்கும். நிறுத்தி வைத்து அழகு பார்க்க நல்லது. தினமும் ஓட்டும் வண்டிக்கு எனக்கு ஒப்பவில்லை.

எந்த வழியில் போனாலும் டயர் அளவை முதலில் முடிவு செய்யுங்கள். 255/70ஆர்15 டயரின் விட்டம் சுமார் 738 மி.மீ., 235/60ஆர்15 சுமார் 663 மி.மீ. டயரை மாற்றினாலே வண்டி 37 மி.மீ. போல இறங்கிவிடும், ஃபெண்டருக்குள் இடமும் கிடைக்கும். ஸ்பீடோமீட்டர் மட்டும் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். உரசலைத் தவிர்க்க ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளும் தட்டு) போடுகிறவர்களும் உண்டு. உள்ளே ஆர்மில் உரசினால் அது உதவும், வெளியே ஃபெண்டரில் உரசினால் நிலைமை மோசமாகும். சக்கரம் வெளியே போகப் போக ஸ்டியரிங் கனக்கும், ரோட்டின் தடங்களைத் தேடி இழுக்கும்.

நான்கு அங்குலம் வேண்டுமென்றால் இரண்டை ஸ்பிண்டிலிலும் மீதியைத் தரமான ஸ்பிரிங்கிலும் எடுத்துக்கொள்ளலாம், குட்டை ஷாக் அப்சார்பரும் சேர்த்து. மாட்டியதும் ரோட்டுக்குப் போய்விடாதீர்கள். வண்டியை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, ஸ்பிரிங்கை முறையாகக் கழற்றி, சக்கரத்தை பம்ப் ஸ்டாப் வரை ஜாக்கியால் ஏற்றி, ஸ்டியரிங்கை ஒரு லாக்கிலிருந்து (திரும்பும் எல்லை) மறு லாக் வரை திருப்பிப் பாருங்கள். டயரின் தோளில் சாக்பீஸ் தடவி வைத்தால் எங்கே தொடுகிறது என்று வெள்ளைக் கோடாகவே தெரியும். ரிம்முக்கும் டை ராடுக்கும் நடுவே ஒரு துண்டு களிமண்ணை ஒட்டிவைத்துத் திருப்பினால், அது நசுங்கி நிற்கும் தடிமன்தான் உங்கள் இடைவெளி.