கருவையா, பாசியா, புங்கமா? ராமநாதபுரக் கரையில் ஒரு எரிபொருள் கணக்கு

சாயல்குடிக்குத் தெற்கே, கடல் பக்கம், எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. பட்டாவில் புஞ்சை, கண்ணுக்குத் தெரிவது கருவைக் காடு. பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், அனல்மின் நிலையத்தில் நிலக்கரியோடு தாவரக்கழிவும் எரிக்கிறார்கள் என்றெல்லாம் செய்தி வரும்போது, இந்தக் காட்டுக்கும் ஏதாவது வழி பிறக்காதா என்று அம்மா கேட்டார். அதற்காகப் போட்ட கணக்கு இது.

முதலில் கருவை. அரசாணையில் அது சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்து மரம், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே விதையாக வந்து சேர்ந்தது. உப்பு மண்ணா, மழை பொய்த்த வருடமா, அதற்கு ஒரு கவலையும் இல்லை. வெட்டினால் இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி வெட்டுக்கு வந்துவிடும். இதை விறகாக வெட்டியபின் இரண்டு பாதைகள்: கரிமூட்டம் அல்லது மின்சார ஆலை.

மூட்டம் போடுவதைப் பார்க்காதவர்களுக்கு அது மண்குவியல்தான். உள்ளே விறகைக் கூம்பாக நிறுத்தி அடுக்கி, மேலே இலைதழையும் வைக்கோலும் போட்டு, ஈரமண் பூசி, அடியில் காற்றுக்கு ஓட்டை விட்டுத் தீ வைப்பார்கள். முதலில் வெள்ளைப் புகை புரண்டு வரும். அது விறகின் ஈரம். புகை மெலிந்து நீலமாக மாறியதும் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைப்பார்கள். நடுவே எங்காவது பூச்சு வெடித்துக் காற்று நுழைந்தால் கரி கிடைக்காது, சாம்பல்தான். அதனால் ராத்திரி முழுக்க ஒரு ஆள் கயிற்றுக் கட்டிலில் பக்கத்திலேயே, சேற்று வாளியோடு படுத்திருப்பார். அந்தப் புகையை வருடக்கணக்கில் சுவாசிப்பவரின் இருமலை எந்த விலைப்பட்டியலிலும் சேர்ப்பதில்லை.

1 டன் விறகில் சுமார் 200 கிலோ கரி தேறும். விறகில் கிலோவுக்கு 4,000 கிலோகலோரி என்றும் கரியில் 7,000 என்றும் வைத்துக்கொண்டால், விறகில் இருந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மூட்டைக்குள் போகிறது. மீதி புகை. ஆனால் கரி கெடாது, கனம் குறைவு, கோயம்புத்தூரோ சென்னையோ எங்கே வேண்டுமானாலும் லாரி ஏற்றலாம்.

ஆலைக் கணக்கு வேறு. 1 யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ விறகு வேண்டும்; 1 டன்னில் 800 யூனிட். 10 மெகாவாட் ஆலை முழு வீச்சில் ஓடினால் நாளொன்றுக்கு 300 டன் விழுங்கும். முள்ளும் கிளையுமான கருவையை லாரியில் ஏற்றினால் பாதி காற்றைத்தான் ஏற்றுகிறோம், ஆகவே தூரம் கூடக் கூட டீசலே விறகைத் தின்றுவிடும். ஐப்பசியில் மழை இறங்கினால் வண்டிப்பாதை சேறு, விறகு ஈரம். உப்பு மண்ணில் வளர்ந்த மரத்தில் பொட்டாசியமும் குளோரினும் இருந்தால் கொதிகலன் குழாயில் படிவு கட்டும், அரிக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆலை என்றால் 20 வருடக் கடன், 20 வருட விறகு. கருவையை அடியோடு அகற்ற வேண்டும் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் உத்தரவிட்டது. 2022-ல் தமிழக அரசு அயல் தாவரங்களை ஒழிப்பதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. ஒழிக்க வேண்டிய மரத்தை நம்பித்தான் உலை எரிகிறது. ஒழிப்பு ஜெயித்தால் உலை பட்டினி. உலை நிலைக்க வேண்டுமானால் மரம் இருந்தாக வேண்டும்.

சரி, மின்சாரம்தான் வேண்டும் என்றால் வெயிலே போதுமே என்று கேட்கலாம். கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சோலார் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் நிற்கிறது. அந்த அளவில் ஒரு ஏக்கர் வருடத்துக்கு 3 லட்சம் யூனிட்டைத் தாண்டும். எங்கள் கருவை ஏக்கருக்கு வருடம் 5 டன் என்று தாராளமாகப் போட்டாலும் 4,000 யூனிட்தான். போட்டியே இல்லை. ஆனால் பொழுது சாய்ந்தபின் தகடு தூங்கிவிடும், விறகு உலை தூங்காது. கூலி என்று பார்த்தாலும் கருவை ஏக்கர் பத்துப் பேருக்கு அரிவாள் வேலை தரும். கமுதியில் தகடு துடைப்பது ரோபோ.

புங்கத்துக்கும் காட்டாமணக்குக்கும் நீளமாக எழுத ஒன்றும் இல்லை. 2003-ல் திட்டக் குழு, 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் தாவர எண்ணெய் கலக்கலாம் என்று கணக்குப் போட்டது. காட்டாமணக்குதான் அதன் நாயகன். எங்கள் சித்தப்பாவும் கன்று வாங்கி நட்டார். ஆடு கடிக்காது, தண்ணீர் வேண்டாம் என்று சொல்லித் தந்தவர்கள், விதை வாங்க வரவில்லை. தண்ணீர் இல்லாமல் செடி பிழைக்கும், காய்க்காது. இன்றைக்கு அது வேலியாக நிற்கிறது. புங்கம் நம்ம ஊர் மரம், நிழலுக்கு நிழல், நடலாம். ஆனால் செக்கில் 1 லிட்டர் எண்ணெய்க்கு 4 கிலோ விதை போகும். விசைப்படகு ஒரு தடவை 300 லிட்டர் நிரப்பினால் 1,200 கிலோ விதை. யார் பொறுக்குவது?

அப்புறம் கடற்பாசி. மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸ், பெப்சி நிறுவனம் 2000 வாக்கில் இதில் இறங்கியதால், பலருக்கு இன்னும் ‘பெப்சி பாசி’. 45 நாளில் அறுவடை. நன்னீர் வேண்டாம், நிலம் வேண்டாம், உரம் வேண்டாம். இதிலிருந்து எத்தனால் எடுக்க முடியும் என்பதும் ஆய்வுக்கூடத்தில் தெரிந்த விஷயம்தான். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பாசியில் 10-ல் 9 பங்கு தண்ணீர். 10 கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் 1 கிலோ. அந்த 1 கிலோவை, கேராஜீனன் என்கிற கெட்டிப்படுத்தும் பசை எடுக்க வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகிறது. பிழிந்த சாறு பயிருக்குத் திரவ உரம். அதை எரிபொருள் விலைக்குக் கேட்டால் மிதவை கட்டும் அக்காமார்கள் சிரிப்பார்கள். போதாததற்கு இது பிலிப்பைன்ஸ் பாசி. குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கருவையை நிலத்தில் விட்டுப் படும் பாட்டை மன்னார் வளைகுடாவிலும் படவேண்டுமா?

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் 2025-ல் எட்டியாகிவிட்டது. அது கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலிருந்து வருகிறது. மானாவாரி நெல்லும் முண்டு மிளகாயும் விளையும் எங்கள் பக்கத்துக்கு அதில் பங்கு பங்க்கில் பணம் கட்டுவது மட்டும்தான். பருத்திமாரும் மிளகாய்மாரும், அதாவது பறித்து முடித்தபின் நிற்கும் காய்ந்த செடிகளை, அரைத்து வில்லைகளாக்கி அனல்மின் நிலையத்துக்கு அனுப்புவது எனக்குப் பிடித்த யோசனை. நிலக்கரியோடு 5 சதவீதம் தாவரக்கழிவு கலக்கவேண்டும் என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது, தூத்துக்குடியும் கிட்டத்தான். அரவை எந்திரம் ஊருக்குள் வந்தால் நானே முதல் வண்டி அனுப்புவேன்.

இத்தனையும் அடுக்கிப் பார்த்ததில் உருப்படியான வெப்பக் கணக்கு ஒன்றுதான் கண்ணில் பட்டது: பக்கத்துத் தோப்பில் பதநீர் காய்ச்சும் அடுப்பு. அங்கே கருவை விறகு கரியாவதும் இல்லை, மின்சாரமாவதும் இல்லை, நேராகக் கருப்பட்டியாகிறது. ஆனால் அந்த அடுப்புக்கு எத்தனை வண்டிதான் வேண்டும்?

கடைசியில் கரிக்காரர் வந்தார். காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், “தூரோட தோண்டி எடுத்தா கூடப் போட்டுத் தர்றேன்க்கா, தூர்க்கரிக்குத்தான் இப்ப கிராக்கி” என்றார். தூரை எடுத்தால் துளிர்க்காது, நிலம் நிலமாகும். விட்டால் மூன்று வருடத்தில் இன்னொரு வெட்டு. அம்மா கொஞ்ச நேரம் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றை ஒட்டின ஒரு ஏக்கரில் தூரோடு எடுக்கச் சொன்னார். மற்ற இரண்டில் வெட்டு மட்டும்.