புது ஃபைபர் படகுக்கு அவுட்போர்டு இன்ஜினும் ஜிபிஎஸ்–எக்கோவும்: வருடக்கணக்கில் ஓட்டிய பிறகு

28 முதல் 32 அடி ஃபைபர் படகு, மூன்று நான்கு ஆட்கள், செவுள் வலையும் தூண்டிலும். கன்னியாகுமரி முதல் தூத்துக்குடி வரை மணலில் இழுத்து ஏற்றும் படகுகளை மனதில் வைத்தே இந்தப் பகிர்வு. துறைமுகத்தில் கட்டிப்போடும் விசைப்படகுக்குக் கணக்கு வேறு.

புதுப் படகு இறக்குபவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி இன்ஜின் நல்லது?" என்றுதான். யமஹாவும் சுசூகியும் இந்தக் கரையில் நன்றாக உழைத்திருக்கின்றன. பக்கத்து ஊரில் உதிரி பாகம் கிடைக்கிறதா, அந்த இன்ஜினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் இருக்கிறாரா என்று பார்த்து இரண்டில் ஒன்றை எடுத்தால் போதும். சில வருடம் கழித்துச் செத்துப்போன இன்ஜினையும் கருவியையும் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் தண்ணீர் போகக் கூடாத இடத்துக்குப் போயிருக்கும்: பெட்ரோலுக்குள், கியர் ஆயிலுக்குள், ஒயர் முனைக்குள். அதனால் எதை வாங்குவது என்பதற்குக் கொடுக்கிற கவனத்தை எப்படிப் பொருத்துவது என்பதற்கும் கொடுக்க வேண்டும்.

எத்தனை ஹெச்பி?

வலை, ஐஸ், ஆட்கள் என்று பாரம் ஏற்றிய படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். தண்ணீரின் மேல் எழும்பி ஓடாது. அப்படிப்பட்ட படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை போடுகிறது. தண்ணீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் வேகம் கிடைக்கும். 25 அடி படிந்தால் 6.7 நாட். 9.9 ஹெச்பி இன்ஜினே பாரத்தோடு இதற்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும். அதற்கு மேல் 25 ஹெச்பி போட்டாலும், பாரம் இருக்கும் வரை கூடுவது ஓரிரு நாட்தான். செலவாவதோ இரண்டு மடங்கு எரிபொருள். தோராயமாக 10 ஹெச்பி முழு வேகத்தில் மணிக்கு 4 லிட்டர், கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் என்றால் இன்னும் கொஞ்சம் அதிகம். படகு லேசாக இருந்து, தூரத்துப் பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டுக்கு) தூண்டிலுக்குப் போய்ச் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்றால் 25 வாங்குவதில் நியாயம் உண்டு. அலை உடையும் கரையில் ஏற வேண்டிய படகுக்குக் கையிருப்புச் சக்தியும் வேண்டும். அங்கே 15 ஹெச்பி நல்ல நடுவழி.

மண்ணெண்ணெயா, பெட்ரோலா?

மானிய மண்ணெண்ணெய் ஒழுங்காகக் கிடைக்கும் ஊரில் மண்ணெண்ணெய் இன்ஜின் லாபம்தான். ஆனால் அதற்கென்றே செய்த மாடலாக இருக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் நாக்கிங் வரும், ரிங் ஒட்டும், பிஸ்டன் போகும். மண்ணெண்ணெய் மாடலையும் பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகே மாற்ற வேண்டும். கரைக்கு வருவதற்குச் சில நிமிடம் முன்பே திரும்பப் பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காமல் ஓட்டி நிறுத்த வேண்டும். இதைச் செய்யாத இன்ஜின்தான் மறுநாள் விடியற்காலையில் கயிறு இழுத்து இழுத்துத் தோளை வாங்கும். வலையை இழுத்துப் படகில் ஏற்றும்போது மெதுவாக ஓடிக்கொண்டே இருப்பதால் ஸ்பார்க் பிளக்கில் கரி ஏறும். மாற்றுப் பிளக்கும் பிளக் ஸ்பேனரும் படகிலேயே, தண்ணீர் புகாத டப்பாவில் இருக்கட்டும். என்ஜிகே பிளக் எண்ணின் கடைசியில் 10 என்று இருந்தால் இடைவெளி 1.0 மில்லிமீட்டர், பழைய பிளக்கில் அது அகன்றிருந்தால் சரிசெய்து போடலாம்.

ஃபோர் ஸ்ட்ரோக் எரிபொருளை மிச்சப்படுத்தும், சத்தமும் குறைவு. துறைமுகத்தில் கட்டும் படகுக்கு அதையே வாங்கலாம். கரை ஏற்றும் படகுக்கு டூ ஸ்ட்ரோக்கைச் சொல்ல இரண்டு காரணம் உண்டு. ஒன்று, எடை குறைவு. இன்னொன்று, அலையில் கவிழ்ந்து முங்கினாலும் மீட்பது எளிது: நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, பிளக் துளை கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து, ஃப்ளைவீலைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கார்புரேட்டரை வடித்து, சிலிண்டருக்குள் டூடி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் விட்டு, அன்றைக்கே சில மணி நேரத்துக்குள் ஓட வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே முங்கிய இன்ஜின் என்றால் கயிறு இழுக்கும்போது எங்காவது பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் பலவந்தம் வேண்டாம். கனெக்டிங் ராடு வளைந்திருக்கும்.

இப்போதைய பெரிய தலைவலி 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பெரும்பாலான அவுட்போர்டு கையேடுகள் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடல் காற்றில் திறந்து மூடும் கேனில் தண்ணீர் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியே இறங்கிவிடும். நாம் கலந்த டூடி ஆயில் மேலே பெட்ரோலோடு நிற்கும். குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. ஆயிலே இல்லாத கலவை உள்ளே போய் இன்ஜின் பிடித்துவிடும். "ஆயில் சரியாகத்தானே கலந்தேன்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

இதற்குச் செய்ய வேண்டியவை: ஒன்றிரண்டு நாளுக்குத் தேவையானதை மட்டும் வாங்குவது, கலந்த பெட்ரோலைக் கடல் ஓய்வு நாட்களில் வைத்திருக்காதது, கேனுக்கும் இன்ஜினுக்கும் நடுவே 10 மைக்ரான் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ளதாகப் போடுவது. கிண்ணத்தில் கோடு பிரிந்து தெரிந்தால் அந்தக் கேனை அன்றைக்கு விட்டுவிட வேண்டும். ரப்பர் குழாய், கை பல்பு, கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாம் ஊறிப்போகும். பல்பு பல முறை அமுக்கியும் கெட்டியாகாமல் கொழகொழவென்றிருந்தால் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பல்பின் அம்புக்குறி இன்ஜினைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆயில் டிசி-டபிள்யூ3 தரம்தான். பைக்குக்கு விற்கும் டூடி ஆயில் வேண்டாம். 50-க்கு 1 என்றால் 25 லிட்டர் கேனுக்கு 500 மில்லி. புது இன்ஜினின் ரன்னிங்-இன் காலத்தில் 25-க்கு 1, அதாவது ஒரு லிட்டர் கேட்கும் மாடல்கள் உண்டு, கையேட்டைப் பாருங்கள். முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு ஆயில், குலுக்கல், அதன்பின் மீதி.

பொருத்துவது

படகுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே இன்ஜின் ஷாஃப்ட் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். பின்பலகையின் உயரம் 15 அங்குலம் என்றால் ஷார்ட், 20 என்றால் லாங். இன்ஜின் காலில் புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் அகலத் தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ வர வேண்டும். மேலே போனால் காற்றைக் குடித்து இன்ஜின் அலறும். ரொம்பக் கீழே போனால் தண்ணீர் இழுத்து வேகம் சாகும்.

திருகுப் பிடியை மட்டும் நம்பாதீர்கள். நான்கு ஸ்டெயின்லெஸ் போல்ட் ஊடுருவப் போட்டு, பெரிய வாஷரும் லாக் நட்டும் வைத்து, அதோடு ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் வேண்டும். ஃபைபர் பின்பலகைக்குள் இருப்பது மரம். துளையின் உள்சுவரில் ரெசின் தடவிக் காய்ந்த பிறகு, பாலியூரித்தேன் சீலன்ட் வைத்தே போல்ட் ஏற்ற வேண்டும். வெறும் துளையில் ஏற்றிய பலகை சில வருடத்தில் உள்ளேயே உளுத்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. சுத்தியலால் தட்டினால் மந்தமான சத்தம் கேட்கும். அப்போது பின்பலகையையே மாற்ற வேண்டியிருக்கும்.

புரொப்பெல்லரைச் சோதிக்க பிளக் ஒயரில் சுற்றும் சின்ன டாக்கோமீட்டர் போதும். வழக்கமான பாரத்தோடு முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கையேடு 4500–5500 என்று சொல்லும்போது 4300-தான் வருகிறது என்றால் பிட்ச் (புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) அதிகம். ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் சுமார் 200 ஆர்பிஎம் கூடும். திணறிக்கொண்டே ஓடும் இன்ஜினில் கரி பிடிக்கும், பிஸ்டன் சூடாகும்.

கரை ஏறும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் மணல் கலந்த தண்ணீரை உறிஞ்சுகிறது. தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லரை வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் வருடம் முடியக் காத்திருக்க வேண்டாம். நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவுவதைத் தவறவிடக் கூடாது. இன்ஜின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே இன்ஜின் காலில் இருக்கும் துத்தநாகக் கட்டியைப் பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன்மேல் பெயின்ட் அடித்தால் அது இருந்தும் இல்லாததுதான்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்காமல் விடப்படுவது புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றும் நரம்பு. மாதம் ஒரு முறை புரொப்பெல்லரைக் கழற்றி ஷாஃப்டைப் பாருங்கள். வெட்டுப்பட்ட தங்கூஸ் (நைலான் நரம்பு) சுற்றிச் சுற்றி, சூட்டில் உருகி, கண்ணாடி மோதிரம் மாதிரி ஷாஃப்டின் ஆயில் சீலின் உதட்டில் பதிந்திருக்கும். வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அது ஆயில் சீலை அறுத்த பிறகு கடல் நீர் கியர் பெட்டிக்குள் போகும். கியர் ஆயிலை வடித்தால் பால் கலந்த டீ நிறத்தில் வரும். அப்போதே சீல் மாற்றினால் சின்னச் செலவு. விட்டுவிட்டால் பேரிங், பினியன், கிளட்ச் என்று முழு கீழ்ப்பெட்டி. வடிக்கும் திருகு, மேல் திருகு இரண்டுக்கும் வாஷர் புதிதாகப் போட வேண்டும். ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் வழியும் வரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று தங்கும்.

பேட்டரியும் ஒயரும்

கயிறு இழுக்கும் இன்ஜினுக்குப் பேட்டரி தேவையில்லை. கருவிகளுக்காக மட்டும் ஒன்று. ஜிபிஎஸ்–எக்கோ (இடத்தையும், ஒலி அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி) 1.2 ஆம்பியர், விஹெச்எஃப் (படகு ரேடியோ) கேட்கும் நிலையில் அரை ஆம்பியர், எல்இடி விளக்குகள் அரை ஆம்பியர். 12 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 26 ஆம்பியர்-அவர். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 60 ஏஹெச் வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 40 ஏஹெச் போதும், எடையும் மூன்றில் ஒரு பங்கு. 50 வாட் சோலார் பலகை நல்ல வெயிலில் இதில் பாதிக்கு மேல் திருப்பித் தரும்.

வீட்டு ஒயரைப் போடாதீர்கள். உப்பு காற்றில் செம்பு உள்ளுக்குள்ளேயே கறுத்து, உறைக்கு உள்ளே ஓரடி தூரம் வரை போயிருக்கும். வெள்ளீயம் பூசிய மரைன் ஒயர் வாங்குங்கள். பேட்டரியிலிருந்து விஹெச்எஃப் வரை 6 மீட்டர் என்றால் போக வர 12 மீட்டர். பேசும்போது 6 ஆம்பியர் இழுக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 0.8 வோல்ட்டுக்கு மேல் இறங்கிவிடும். 4 சதுர மில்லிமீட்டரில் 0.3 வோல்ட்தான். பேச பட்டனை அழுத்தினால் செட் அணைகிறது என்றால் செட்டைக் குறை சொல்லும் முன் ஒயரைப் பாருங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இணைப்புகளைக் கிரிம்ப் செய்து பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போடுங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

எக்கோவும் ஜிபிஎஸ்ஸும்

ஈரக் கைக்குத் தொடுதிரை ஒத்துவராது. கார்மின் 585 வரிசை போலப் பட்டன் உள்ள கருவியே நல்லது. 50, 200 கிலோஹெர்ட்ஸ் இரண்டும் உள்ள டிரான்ஸ்டியூசர் (தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்) வாங்குங்கள். 200-இல் ஒலிக்கற்றை குறுகல்: 12 டிகிரி என்றால் 30 மீட்டர் ஆழத்தில் 6 மீட்டர் அகலத் தரையைத்தான் காட்டும். பாரின் விளிம்பு, தரையோடு ஒட்டிய மீன் எல்லாம் பிரிந்து தெரியும். 50-இல் கற்றை அகலம். ஆழத்துக்கு இறங்கும், ஆனால் பக்கத்துப் பாறையையும் படகுக்கு நேர் கீழே இருப்பதுபோலக் காட்டும். 100 மீட்டருக்குள் தொழில் என்றால் 200-லேயே வைத்திருங்கள்.

டிரான்ஸ்டியூசரைப் பின்பலகையில், புரொப்பெல்லரிலிருந்து குறைந்தது ஒன்றேகால் அடி தள்ளி வையுங்கள். கரை ஏற்றும்போது அது உடையும் என்பதால் பலர் படகுக்குள்ளேயே ஃபைபரில் ஒட்டிவிடுகிறார்கள். அது நடக்கும், நான்கு நிபந்தனையோடு: அந்த இடத்தில் ஃபைபர் கெட்டியாக இருக்க வேண்டும், நடுவே ஃபோமோ மரமோ இருக்கக் கூடாது, எப்பாக்சியில் ஒரு காற்றுக்குமிழிகூட நிற்கக் கூடாது, கொஞ்சம் உணர்திறன் குறைவதையும் தண்ணீர் வெப்பம் தெரியாததையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒட்டும் முன் படகைத் தண்ணீரில் வைத்து, தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பைக்குள் டிரான்ஸ்டியூசரை வைத்து அந்த இடத்தில் அழுத்திப் பாருங்கள். ஆழம் சரியாக வந்தால் ஒட்டலாம்.

ஜிபிஎஸ்ஸில் அதிகம் தப்பு நடப்பது புள்ளி ஏற்றும்போது. இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) தரும் மீன்வளப் பகுதி அறிவிப்பில் டிகிரி, நிமிடம், விநாடி. எல்லைக் கோட்டுப் புள்ளிகளோ டிகிரியும் தசம நிமிடமும். அறிவிப்பில் 8°05'45" என்று இருப்பதை 5.45 என்று ஏற்றினால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் விலகிப் போவீர்கள், சரியானது 5.750, அதாவது 45-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும். பாக் நீரிணையில் 1974 இந்திய–இலங்கை கடல் எல்லை ஒப்பந்தத்தின் 3-ஆவது புள்ளி 9°40.15' வடக்கு, 79°22.60' கிழக்கு. விநாடி முறையில் இருக்கும் கருவி 60-ஐ ஏற்காது. சரி என்று 59 போட்டால் கோடு சுமார் 700 மீட்டர் கிழக்கே நகர்ந்துவிடும். அலாரம் அடிக்கும்போது படகு எல்லையைத் தாண்டியிருக்கும். இரவில், நீவாடு (கடல் நீரோட்டம்) இழுக்கும்போது, இது ஆட்களைச் சிறையில் தள்ளும் பிழை. செட்டிங்கில் முறையை மாற்றி, புள்ளியை ஏற்றி, திரும்பப் பழைய முறைக்கு வந்தால் கருவியே மாற்றிக்கொள்ளும். டேட்டம் (ஆயங்களுக்கு அடிப்படையான அளவீட்டு முறை) டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அலாரத்தைக் கோட்டின் மேல் வைக்காமல் நம் பக்கம் உள்வாங்கி வையுங்கள்.

பார் புள்ளிகளை மாதம் ஒரு முறை மெமரி கார்டில் எடுத்து வீட்டில் வையுங்கள். திரையை உப்போடு கைலியால் துடைக்காதீர்கள். முதலில் நல்ல தண்ணீர், பிறகு துணி. இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும் இட்ரெக்ஸ் போன்ற கை ஜிபிஎஸ் ஒன்று இருந்தால், பெரிய கருவி அணைந்த இரவிலும் கரை சேரலாம்.

விஹெச்எஃப் நேர்க்கோட்டில்தான் போகும். ஆன்டெனா 2 மீட்டர் உயரத்தில் இருக்கும் இரண்டு படகுகளுக்கு இடையே 6 நாட்டிக்கல் மைல்தான் கணக்கு. செட்டின் வாட்டைக் கூட்டுவதைவிட ஆன்டெனாவை உயர்த்துவதே பலன் தரும். சேனல் 16-ஐ எப்போதும் திறந்து வையுங்கள். செல்போன் சிக்னல் இருக்கும் இடத்தில் கடலோரக் காவல்படைக்கு 1554. சிக்னல் இல்லாத இடத்துக்கு இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி. 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் செய்தி போய்ச் சேர்ந்ததற்குப் பதிலும் திரும்ப வரும்.

பணம் ஒரே நேரத்தில் கைக்கு வராதபோது வரிசை இப்படி இருக்கட்டும்: 9.9 அல்லது 15 ஹெச்பி இன்ஜினும் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும், லைஃப் ஜாக்கெட், ஆபத்து அறிவிப்புக் கருவி, கை ஜிபிஎஸ், நல்ல ஒயரும் பேட்டரியும், விஹெச்எஃப். எக்கோ கடைசியில் வந்தாலும் தொழில் நிற்காது. மீனவர் நலத்துறையில் மானியம் கேட்டிருந்தால், அனுமதி கைக்கு வரும் முன் இன்ஜினுக்கு பில் போடலாமா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.